நிழலை அளக்கும் பிள்ளைகள்

ஒட்டகத்தின் படைப்பையும், வானின் உயரத்தையும், மலைகளின் உறுதியையும், பூமியின் பரப்பையும் மனிதன் கண்கொண்டு நோக்க வேண்டும் என்பதைத் திருக்குர்ஆனின் 88ஆம் அத்தியாயம் ஒரு வினாவின் வடிவில் முன்வைக்கிறது. இந்நான்கில் ஒன்றேனும் வகுப்பறையின் கூரைக்குள் காணக் கூடியதன்று. ஆயினும் நம் பிள்ளைகள் இந்த அத்தியாயத்தைச் சுவரை நோக்கி அமர்ந்து ஓதி, மனனம் செய்து, ஒப்பித்துவிட்டு எழுந்து போகின்றனர். ஓதுவது சிறப்பே, அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஓதிய வசனம் எவற்றை நோக்கச் சொல்கிறதோ, அவற்றை நோக்குவதற்கு ஆண்டில் ஒரு நாளையேனும் ஒதுக்கினோமா என்பதே கேள்வி.

தமிழகத்துப் பள்ளிக்கூடங்களில் ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது. மாலை நேரத்துக் குர்ஆன் மதரஸாக்களும் பெரும்பாலும் அதே வேளையில் ஆண்டை முடித்துக்கொள்கின்றன. (அரபுக் கல்லூரிகளின் கணக்கு வேறு. அவை ஷவ்வாலில் தொடங்கி ஷஅபானில் முடிப்பவை. பிறைக் கணக்காதலால் அவற்றின் விடுமுறை ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும்.) தேர்வுக்குப் பின்னும் விடுமுறைக்கு முன்னும் கிடைக்கும் சில நாட்கள் யாருக்கும் உரிமையற்ற நாட்களாகக் கழிகின்றன. ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார். பிள்ளைகள் பெஞ்சில் தாளம் போடுகின்றனர். சில நிர்வாகத்தார் ஒரு பேருந்தை அமர்த்திக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, பொழுது சாயத் திரும்புகின்றனர். வேறு சிலர், உல்லாசப் பயணம் மார்க்கக் கல்விக்குப் பொருந்தாது என்று அதனையும் நிறுத்திவிடுகின்றனர்.

வெளியே செல்வது பாடத்துக்கு எதிரானது என்னும் எண்ணம் இவ்விரு சாராருக்கும் பொதுவாக உள்ளது. ஒருவர் பாடத்திலிருந்து தப்பிக்க வெளியே போகிறார்; மற்றவர் பாடம் கெடுமென்று உள்ளே இருக்கிறார். ஃபிக்ஹு எனப்படும் மார்க்கச் சட்டக்கலையை ஓரளவு ஓதியவர் இதனை ஏற்கமாட்டார். அக்கலையின் நூல்கள் தொடக்கத்திலேயே பேசும் தண்ணீரும், அடுத்து வரும் தொழுகை நேரமும் திறந்த வெளியில் பிறந்த பாடங்கள் அல்லவா?

தொழுகை நேரத்தை எடுத்துக்கொள்வோம். இன்று நமக்கு நேரத்தை அறிவிப்பது சுவரில் தொங்கும் அட்டவணை, அல்லது கைப்பேசி. ஆனால் நூல்களில் எழுதப்பட்டிருப்பது நிமிடக் கணக்கன்று, நிழற் கணக்கு. சூரியன் உச்சியை அடைந்து மேற்கே சாயத் தொடங்குவதே நண்பகல் தொழுகையாகிய லுஹரின் தொடக்கம். உச்சி வேளையில் ஒரு பொருளுக்கு இருக்கும் சிறு நிழலை ஒதுக்கிவிட்டு, அதன்பின் வளரும் நிழல் அப்பொருளின் உயரத்துக்குச் சமமாகி அதனைக் கடக்கும்போது பிற்பகல் தொழுகையாகிய அஸர் தொடங்குகிறது என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) முதலானோரின் முடிவு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரசித்தமான கூற்றுப்படி அந்நிழல் இரு மடங்காக வேண்டும்.

இப்பாடத்தை நடத்தும்போது மாணவரைக் குழப்புவது அந்த ‘ஒதுக்க வேண்டிய’ உச்சி நிழலே. அதனைக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினாலும் பாதிப் பேருக்கு விளங்குவதில்லை. ஆனால் இறைவனின் ஏற்பாட்டைப் பாருங்கள்: நமது நாட்டில் ஏப்ரல் மாதத்தில் அந்தக் குழப்பமே இல்லாத ஒரு நாள் வருகிறது. அன்று நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இராது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும், மதுரையில் ஏப்ரல் 16 வாக்கிலும், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் இது நிகழ்கிறது. தெற்கிலிருந்து வடக்கே ஊர் ஊராக அந்நாள் ஏறிச் செல்வதைப் பிள்ளைகள் நாட்டுப் படத்தில் குறித்துக்கொள்ளலாம். பருவ இறுதியும் இந்நாட்களும் ஏறத்தாழ ஒன்றாக வருவது நமக்குக் கிடைத்த வாய்ப்பாகும்.

வேண்டுவன ஒரு நேரான குச்சி, ஒரு நூல், சமதளமான முற்றம், இவ்வளவே. ஒரு முழக் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, நிழலின் நுனியைக் காலை முதல் அவ்வப்போது சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வரச் சொல்ல வேண்டும். சென்னையில் அன்று பகல் 12 மணி 7 நிமிட அளவில் நிழல் குச்சியின் காலடியில் மறையும். பின்னர் கிழக்கே நீளத் தொடங்கும், லுஹர் வந்துவிட்டது. நிழல் சரியாக ஒரு முழம் ஆகும்போது மணி ஏறத்தாழ 3.12, ஷாபிஈ முறைப்படி அஸர். இரு முழம் ஆகும்போது மணி 4.28 அளவில், ஹனபி முறைப்படி அஸர். அட்டவணையில் அச்சிட்ட எண்ணும் முற்றத்தில் விழுந்த நிழலும் ஒன்றாக நிற்பதைக் கண்ட பிள்ளைக்கு அப்பாடம் மறக்குமா? ஏப்ரல் வெயில் கடுமையானதாகையால் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. தாழ்வாரத்தில் அமர்த்தி, குறிக்கும் நேரத்தில் மட்டும் இருவர் இருவராக அனுப்பினால் போதும். சூரியனை நேரே பார்க்கக் கூடாதென்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும். நிழலைப் பார்ப்பதே நமது வேலை.

இதில் இன்னொரு பயனும் உண்டு. நம் ஊர்கள் பலவற்றில் ஷாபிஈ பள்ளிவாசலும் ஹனபி பள்ளிவாசலும் அடுத்தடுத்த தெருக்களில் உள்ளன. ஒரே மாலையில் அஸர் பாங்கை இருமுறை கேட்கும் பிள்ளை காரணம் கேட்டால், ‘அவர்கள் அப்படி, நாம் இப்படி’ என்ற பதிலே கிடைக்கிறது. அப்பதிலில் அறிவும் இல்லை, அன்பும் இல்லை. அதே குச்சியின் அதே நிழலைத்தான் இரு இமாம்களும் அளந்தார்கள் என்பதைத் தன் கையால் அளந்து கண்ட பிள்ளை, பெரியவனான பின் மத்ஹபின் பெயரால் பள்ளிவாசலில் சச்சரவு செய்வோருடன் சேர்வது கடினம்.

தண்ணீர்ப் பாடமும் அவ்வாறே. அசுத்தம் விழுந்தும் நிறம், மணம், சுவை மாறாதவரை கெடாத நீரின் அளவு ஷாபிஈ நூல்களில் இரு ‘குல்லா’ என்று கூறப்படும். அது நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் ஒன்றேகால் முழம் கொண்ட சதுரக் குழியின் கொள்ளளவு. ஹனபி அறிஞர்கள் பத்துக்குப் பத்து முழப் பரப்பைக் குறிப்பிடுவர். பிள்ளைகளைப் பள்ளிவாசலின் ஹவுளுக்கு அழைத்துச் சென்று நூலால் அளக்கச் சொன்னால், தாம் தினமும் உளூச் செய்யும் நீர்த்தொட்டி ஏன் அத்துணைப் பெரிதாகக் கட்டப்பட்டது என்பது கால் மணி நேரத்தில் விளங்கிவிடும்.

சற்றுத் தொலைவு நடக்க முடிந்தால் வயலுக்கும் போகலாம். வானம் பொழிந்து விளைந்ததில் பத்தில் ஒரு பங்கும், நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கும் ஜகாத் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்தார்கள். உழைப்பும் செலவும் கூடும்போது கடமை பாதியாகக் குறைகிறது. கிணற்று மேட்டில் பம்புசெட் ஓடுவதையும், அதன் செலவை விவசாயி சொல்வதையும் கேட்ட பிள்ளைக்கு அச்சட்டத்தின் கருணை புரியும். அந்த விவசாயி எச்சமயத்தவராயினும் சரி. அவரிடம் கேட்டுக் கற்பதும் ஒரு பாடந்தான்.

அரையாண்டு விடுமுறைக்கு முன்னர் வெளியூர் செல்ல வசதியுள்ளோர் பழவேற்காட்டை நினைக்கலாம். அங்குள்ள பள்ளிவாசல் ஒன்றில் பழைய நிழற்கடிகாரம் உண்டு; ஏரியிலோ குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை நோக்குமாறு கூறும் 67ஆம் அத்தியாயத்தின் வசனத்தை ஆசிரியர் அங்கு நின்று ஓதிக் காட்டட்டும். ஏரியில் படகேறும் ஆசையைப் பற்றி மட்டும் பின்னர் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘எல்லாம் பாடந்தானா, பிள்ளைகள் விளையாட வேண்டாமா?’ என்று கேட்போர் உண்டு. விளையாடத்தான் வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’ நூலின் மூன்றாம் பகுதியில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுகையில், பாடசாலையின் களைப்பு நீங்குமாறு நல்ல விளையாட்டுக்கு இடம் தர வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்தைச் சுமத்துவது பிள்ளையின் உள்ளத்தைச் சாகடித்து அறிவை மங்கச் செய்யும் என்றும் எச்சரிக்கிறார்கள். 1111இல் மறைந்த அப்பெரியார் இதனை எழுதிய காலத்தில் கல்வி உளவியல் என்னும் துறையே கிடையாது. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மட்டுமே உபதேசம் செய்து வந்தார்கள். நாள்தோறும் கூறினாலென்ன என்று ஒருவர் வேண்டியபோது, கேட்போருக்குச் சலிப்பு உண்டாவதை விரும்பாமையே காரணமென்றும், நபி (ஸல்) அவர்களும் அவ்வாறே நடந்துகொண்டார்கள் என்றும் விடையளித்தார்கள். இது புகாரியில் உள்ளது. நம்முள் நீண்ட நேரம் பேசுவோரும் இதனை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

போட்டிகள் வைக்கும்போது ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அஸ்லம் குலத்தார் அம்பெய்து பழகிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்த அண்ணலார், அவர்களின் மூதாதையாகிய இஸ்மாயீல் (அலை) அவர்களும் அம்பெய்பவரே என்று ஊக்கமளித்து, தாம் ஓர் அணியின் பக்கம் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறு அணியினர் எய்வதை நிறுத்திவிட்டனர். காரணம் கேட்க, தாங்கள் அவர்களுடன் இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வோம் என்றனர். அப்படியாயின் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன், எய்யுங்கள் என்றார்கள் நாயகம். ஆசிரியரின் முகம் ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கத்துப் பிள்ளையின் கை தளர்ந்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

பரிசு குறித்தும் ஒன்று. பங்குபெறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் பத்தோ இருபதோ ரூபாய் வசூலித்து, அத்தொகையில் வென்றவருக்குப் பரிசு வாங்கும் வழக்கம் சில இடங்களில் நுழைந்திருக்கிறது. போட்டியிடுவோர் எல்லாரும் பணம் வைத்து, வென்றவர் அதனை எடுத்துக்கொள்வதைச் சட்ட அறிஞர்கள் சூதாட்டத்தின் வகையிலேயே சேர்த்துள்ளனர். நிர்வாகமோ ஊரார் ஒருவரோ தம் கையிலிருந்து பரிசளித்தால் இக்குறை நேராது.

பெண்பிள்ளைகளின் காரியத்துக்கு வருகிறேன். ஆண்டு விழாவில் அதிகம் பரிசு பெறுவோர் அவர்கள். வெளியே அழைத்துச் செல்லும் நாளில் பெயர்ப்பட்டியலில் இல்லாதவர்களும் அவர்களே. ஓர் ஊரில் ஓதலிலும் மனனத்திலும் முதல் மூன்று இடங்களையும் பெண்பிள்ளைகளே பெற்றனர். மறுவாரம் ஆண்பிள்ளைகள் வண்டியேறிச் சென்றனர். வென்ற மூவரும் வாசலில் நின்று கையசைத்தனர். ‘பாதுகாப்புக் கருதி’ என்றார்கள் பெரியவர்கள். பாதுகாப்பு வேண்டியதே, அதற்கு வழி செய்ய வேண்டியவர்கள் பெரியவர்களே அன்றோ! பயணம் ஒன்றில் நாயகம் (ஸல்) அவர்கள் மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதல்முறை அன்னை வென்றதும், பிந்தைய ஒரு பயணத்தில் நாயகம் வென்று, இது முன்னதற்கு ஈடு என்று சொன்னதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியபோது, அன்னையார் தாமே போதுமென்று நகரும்வரை அவர்களைத் தம் மேலாடையால் மறைத்து நின்று காணச் செய்தார்கள். அதனை அறிவிக்கும் அன்னையார், விளையாட்டில் ஆவலுள்ள இளம்பெண்ணின் மனநிலையைக் கணித்துப் பார்க்குமாறு நமக்கே சொல்லிச் செல்கிறார்கள். ஆசிரியைகளும் தாய்மார்களும் உடன்வர, தனி வண்டியில், பகல் பொழுதில், அருகிலுள்ள குளக்கரைக்கும் வயலுக்கும் பெண்பிள்ளைகளை அழைத்துச் செல்வதில் எந்த மத்ஹபிலும் தடை கிடையாது.

இனி அச்சத்தின் பேச்சு. பெற்றோர் அஞ்சுவதில் தவறில்லை. ஒரு நபியே அஞ்சியிருக்கிறார்கள். யூஸுஃப் (அலை) அவர்களை நாளை எங்களுடன் அனுப்புங்கள், உண்டு விளையாடட்டும், நாங்கள் பாதுகாப்போம் என்று சகோதரர்கள் கேட்டபோது, தந்தை யஃகூப் (அலை) அவர்கள் விளையாட்டைக் குறைகூறவில்லை. நீங்கள் கவனமற்றிருக்கும் வேளையில் ஓநாய் தின்றுவிடுமோ என்றே அஞ்சினார்கள். இரவில் அழுதுகொண்டு திரும்பிய சகோதரர்கள் சொன்ன பொய்யைக் கவனியுங்கள்: நாங்கள் பந்தயம் ஓடச் சென்றோம், அவரைச் சாமான்களுக்கு அருகில் விட்டுவிட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்; ஆனால் சுற்றுலா சென்ற இடத்தில் பிள்ளைகளுக்கு நேரும் உண்மையான விபத்துகள் பெரும்பாலும் அந்தப் பொய்யின் வடிவிலேயே நிகழ்கின்றன. பெரியவர்கள் தம் மகிழ்ச்சியில் இருக்க, சிறியவன் ஓரத்தில் தனியே விடப்படுகிறான்.

2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள் ஏறிய படகு பெரியாற்றில் மூழ்கி, 15 மாணவர்கள் உட்பட 18 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 25 அன்று அதே பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதரா நகர ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் பலியாயினர்; தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும், பலருக்கு லைஃப் ஜாக்கெட் தரப்படாததும் பின்னர் வெளிவந்தன. இவற்றை விதி என்று சொல்லிக் கடந்துபோக நமக்கு அனுமதியில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்த மார்க்கம் இது. லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் பிள்ளையை ஏற்றும் ஆசிரியர், கட்டாத ஒட்டகத்தை விட்டுச் செல்பவர் ஆவார். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவரேனும் இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ண வேண்டும். நீர்நிலைக்குச் சென்றால் நீந்தத் தெரிந்த பெரியவர் இருவராவது கரையில் நிற்க வேண்டும். இவை இல்லையெனில் அந்நீரை எட்ட நின்று பார்த்துத் திரும்புவதே கடமை.

நீச்சலைக் கற்பித்துவிட்டால் இந்த அச்சத்தில் பாதி குறையும். வீண்விளையாட்டில் சேராதவை என நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன நான்கில் நீச்சல் கற்பதும் ஒன்றென நஸாயீயின் பெருந்தொகுப்பில் காண்கிறோம். முன்பு கிணற்றிலும் ஏரியிலும் தந்தை முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கற்பித்தார். இன்று கிணறுகள் வற்றின, தந்தையருக்கும் நேரமில்லை. கோடை விடுமுறையில் பத்து நாள் நீச்சல் பயிற்சிக்கு மதரஸா நிர்வாகமே ஏற்பாடு செய்தால், அது பல கேடயங்களும் கோப்பைகளும் வழங்குவதைவிட மேலான பரிசாகும்.

பயணக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையையும் மறந்துவிடக் கூடாது. ‘யார் யார் பணம் கட்டவில்லை’ என்று வகுப்பில் எழுப்பி நிறுத்துவது சிறுமை. அநாதையை ஒடுக்காதே என்ற கட்டளையை ஓதிக்கொடுத்த வாயாலேயே அது நிகழ்வது பெருஞ்சிறுமை. நான் மேலே சொன்னவற்றுள் குச்சிக்கும் நூலுக்கும் ஹவுளுக்கும் வயலுக்கும் கட்டணமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

விடுமுறைக்குச் செல்லும் பிள்ளைகளிடம் வீட்டில் செய்துவர ஒரு வேலை கொடுத்தனுப்பலாம். ஆண்டுக்கு இருமுறை சூரியன் மக்காவிலுள்ள கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. முதலாவது மே 27, 28 தேதிகளில், நமது நேரப்படி பிற்பகல் 2 மணி 48 நிமிடம். அக்கணத்தில் நம் ஊரில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. செங்குத்தான ஒரு குச்சியின் நிழல் கிப்லாவுக்கு நேர் எதிர்ப்புறம் விழும். அந்நிழற் கோட்டின்மீது நின்று குச்சியை நோக்கினால் கஅபாவை நோக்கியவர் ஆவோம். கிப்லா மேற்கு என்று பொதுவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது மேற்கிலிருந்து வடக்கே சென்னையில் சுமார் 18 பாகையும், கன்னியாகுமரியில் சுமார் 24 பாகையும் சாய்ந்தது. வீட்டின் தொழுகை விரிப்பு எப்பக்கம் போடப்படுகிறது என்பதைப் பிள்ளை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டு எழுதி வரட்டும். அன்று மேகம் மறைத்துவிட்டால் ஜூலை 15, 16 தேதிகளில் பிற்பகல் 2 மணி 57 நிமிடத்துக்கு மறுவாய்ப்பு உண்டு. அப்போது பள்ளிகள் திறந்திருக்கும், எல்லாரும் சேர்ந்து முற்றத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.